டிரெஸ் வாட்ச்சா, பைலட் வாட்ச்சா? அருகருகே வைத்து முடிவெடுக்கும் முறை

கடை விளக்கொளியில் எல்லா வாட்ச்சும் அழகுதான். அதனால்தான் கடைக்குப் போன பிறகு யோசிப்பவர்கள் பெயரையும் விலைச்சீட்டையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் விலையைக் கடைசிக்குத் தள்ளுகிறோம். வாட்ச் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது, உங்கள் கையில் எப்படி உட்காருகிறது, எவ்வளவு சரியாக ஓடுகிறது, பராமரிக்க என்ன ஆகும் என்று பார்த்துவிட்டுத்தான் விலைக்கு வருவோம்.

ஒப்பிட்டுக் காட்ட இரண்டு வாட்ச்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஸ்விட்சர்லாந்தின் படேக் ஃபிலிப் நிறுவனம் 2021இல் வெளியிட்ட காலட்ராவா 6119. தங்கக் கேஸ், இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் விலை. மற்றது ஜப்பானின் சீக்கோ 5 வரிசையில் வந்த எஸ்என்கே809. விற்பனையில் இருந்த காலத்தில் பத்தாயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைத்தது. இப்போது உற்பத்தி நின்றுவிட்டதால் பழைய இருப்பிலோ இரண்டாம் கையாகவோதான் தேட வேண்டும். உங்கள் மனதில் இருப்பது வேறு ஜோடி என்றாலும் படிகள் இவையே.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்

டிரெஸ் வாட்ச் சட்டைக் கைக்குள் மறைந்திருக்கச் செய்யப்பட்டது. காலட்ராவா வரிசையின் முதல் மாதிரியான 96 வெளிவந்தது 1932இல். வட்டமான மெல்லிய கேஸ், டயலில் தேவைக்கு மேல் எதுவும் இல்லை. அந்த இலக்கணம் இன்றும் மாறவில்லை. 6119இல் மணி முள், நிமிட முள், ஆறு மணி இடத்தில் சிறிய நொடி வட்டம், இவ்வளவுதான். தேதி கிடையாது. இருட்டில் ஒளிராது.

பைலட் வாட்ச் கண்ணில் படுவதற்காகச் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் வழிகாட்டி அதிகாரிகளுக்கு லாங்கே, ஐடபிள்யூசி, லாகோ, ஸ்டோவா, வெம்பே ஆகிய ஐந்து நிறுவனங்கள் 55 மில்லிமீட்டர் அகலத்தில் வாட்ச் செய்து கொடுத்தன. கருப்பு டயல், வெள்ளை எண்கள், விமானத்தில் போடும் தடித்த ஜாக்கெட்டின் மேல் கட்ட நீண்ட ஸ்ட்ராப், கையுறையோடு திருகப் பெரிய சாவி. சாவியை இழுத்தால் நொடி முள் நின்றுவிடும். நொடி பிசகாமல் நேரம் வைக்க அது வேண்டும். முதலில் வந்த ‘ஏ’ வகை டயலில் மணி எண்கள் ஓரத்தில் இருந்தன. 1941இல் வந்த ‘பி’ வகையில் நிமிட எண்கள் வெளிவட்டத்துக்கும் மணி எண்கள் உள்வட்டத்துக்கும் போயின.

எஸ்என்கே809 இந்த ‘பி’ வகை டயலை எடுத்துக்கொண்டது. மற்றவற்றை விட்டுவிட்டது. அகலம் 37 மில்லிமீட்டர். சாவி சிறியது, நான்கு மணி இடத்தில் ஒதுங்கி இருக்கிறது. சாவியை இழுத்தாலும் நொடி முள் நிற்காது. ஆக இதை வாங்குகிறவர் வாங்குவது பைலட் டயலைத்தான், பைலட் கருவியை இல்லை. மலிவு விலைப் பைலட் வாட்ச் எதைப் பார்த்தாலும், பழைய குணங்களில் எதை வைத்திருக்கிறார்கள், எதைக் கைவிட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

- குறிப்பேடு, ஸ்கேல், பென்சில்
- கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ்
- இணைய நேரத்தோடு ஓடும் கைப்பேசி
- சிறிய காந்த ஊசித் திசைகாட்டி
- முழுக்கைச் சட்டை (போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள்)

படி 1: வாட்ச் செய்யப்போகும் வேலையை எழுதுங்கள்

1. கடந்த இரண்டு வாரங்களில் வாட்ச் கட்டியிருக்கக்கூடிய இடங்களைப் பட்டியலிடுங்கள்: அலுவலகம், பைக், சமையலறை, கல்யாண வீடு, பயணம்.
2. ஒவ்வொன்றுக்கும் எதிரில் வியர்வை, தண்ணீர், இடிபடுதல், இருட்டு ஆகியவற்றில் எது நேரும் என்று குறியுங்கள்.
3. ஒரு குறிகூட விழாத இடங்களை எண்ணுங்கள். டிரெஸ் வாட்ச்சுக்கு உரிய இடங்கள் அவை மட்டுமே.

18 காரட் தங்கத்தில் முக்கால் பங்கு தங்கம். எஃகைவிட எளிதில் கீறலும் சொட்டையும் விழும். பேருந்துக் கம்பியில் ஒருமுறை உரசினாலே தெரியும்.

படி 2: மணிக்கட்டில் பொருத்திப் பாருங்கள்

1. மணிக்கட்டு எலும்புக்குச் சற்றுப் பின்னால், மேற்புறத்தின் தட்டையான பகுதியை மட்டும் ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
2. வாட்ச்சில் ஸ்ட்ராப் மாட்டும் மேல்காதின் நுனியிலிருந்து கீழ்க்காதின் நுனிவரை அளந்துகொள்ளுங்கள். எஸ்என்கே809இல் இது ஏறத்தாழ 43 மில்லிமீட்டர்.
3. இரண்டாவது அளவு முதலாவதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் காதுகள் கையைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.
4. சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுவிட்டு, கையை நீட்டி மடக்குங்கள். 6119 எட்டு மில்லிமீட்டர் தடிமன்தான். வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். எஸ்என்கே809 ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். இறுக்கமான கைப்பட்டியில் மாட்டிக்கொள்ளும்.

குறிப்பு: கேஸின் அகலத்தை மட்டும் சொல்லி விற்பார்கள். 39 மில்லிமீட்டர் டிரெஸ் வாட்ச்சும் 39 மில்லிமீட்டர் பைலட் வாட்ச்சும் கையில் ஒரே அளவாகத் தெரியாது. ஓரப்பட்டை மெலிந்து டயல் விரிந்த வாட்ச் பெரிதாகத் தெரியும்.

படி 3: டயலைப் படித்துப் பாருங்கள்

1. வாட்ச்சைக் கை நீளத்தில் பிடித்து, ஒரே பார்வையில் நிமிடம் சரியாக நேரம் சொல்லுங்கள். பிறகு கைப்பேசியோடு ஒப்பிடுங்கள்.
2. மங்கிய வெளிச்சத்தில் திரும்பச் செய்யுங்கள்.
3. விளக்கடியில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, உள்ளங்கையைக் குவித்து இருட்டாக்கிப் பாருங்கள்.
4. மூக்குக்கண்ணாடி போடுகிறவர், அது இல்லாமலும் ஒருமுறை முயலுங்கள்.

முதல் மூன்றிலும் பைலட் டயல்தான் ஜெயிக்கும். ‘பி’ வகை டயலுக்குப் பழகாதவர் ஓரத்தில் இருக்கும் 10ஐப் பத்து மணி என்று படித்துவிடக்கூடும். அது பத்தாவது நிமிடம். சில நாளில் கண் பழகிவிடும். டிரெஸ் வாட்ச்சுக்கு இந்தச் சோதனையில் மதிப்பெண் குறைக்க வேண்டாம். விருந்து மேசையில் ஒரு பார்வை பார்க்க அது போதும்.

படி 4: மெஷினைக் கேளுங்கள்

வாட்ச்சின் உள்ளே இருப்பதை நம் ஊர் ரிப்பேர்காரர்கள் மெஷின் என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். மூன்று கேள்விகள் போதும்.

1. சாவி கொடுப்பதா, ஆட்டோமேட்டிக்கா? 6119 சாவி கொடுக்கிற வாட்ச். எஸ்என்கே809 கையசைவில் தானே ஏறுவது. அதன் 7எஸ்26 மெஷினுக்குச் சாவியைத் திருகி ஏற்ற வழியில்லை. நின்றுபோனால் மெல்லப் பக்கவாட்டில் அசைத்து ஓடவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும்.
2. கழற்றி வைத்தால் எத்தனை நேரம் ஓடும்? 6119 குறைந்தது 65 மணி நேரம். வெள்ளி இரவு கழற்றினால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். 7எஸ்26 ஏறத்தாழ 40 மணி நேரம். ஞாயிறு பகலிலேயே நின்றுவிடும்.
3. சாவியை இழுத்தால் நொடி முள் நிற்குமா? 6119இல் நிற்கும், எஸ்என்கே809இல் நிற்காது. பைலட் பெயர் இல்லாத வாட்ச்சில் பைலட்டுக்கு வேண்டிய வசதி இருக்கிறது.

எச்சரிக்கை: சாவி கொடுக்கிற வாட்ச்சை, தடை தட்டும் இடத்தில் உடனே நிறுத்துங்கள். இன்னும் ஒரு திருகு என்று அழுத்தக்கூடாது. நாள், கிழமை உள்ள வாட்ச்சில் இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணிவரை அவற்றைச் சாவியால் மாற்றக்கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைப் பற்கள் பிடித்திருக்கும். வலிந்து திருகினால் பல் உடையும். முள் காட்டுவது காலையா இரவா என்று தெரியாவிட்டால், முள்ளை முன்னோக்கிச் சுற்றி ஆறு மணியில் நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

படி 5: லென்ஸ் வைத்துப் பாருங்கள்

இருபது லட்சம் எங்கே போயிற்று என்பது இந்தப் படியில்தான் தெரியும். இரண்டு வாட்ச்சுக்கும் பின்மூடி கண்ணாடி என்பதால் திறக்காமலே பார்க்கலாம்.

1. முதலில் டயல். முட்களின் விளிம்பு கத்திபோல் நேராக இருக்கிறதா, எண்களின் மை கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.
2. கேஸின் ஓரம். 6119இன் ஓரப்பட்டையில் கூர்நுனிச் சிறு பிரமிடுகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முகமும் தனியாக ஒளி வீசுகிறதா என்று சாய்த்துப் பாருங்கள்.
3. பின்புறம் மெஷின். தகடுகளின் விளிம்பு சாய்வாக இழைத்துப் பளபளப்பாக்கப்பட்டிருக்கிறதா, திருகுத் தலைகள் வழவழப்பாக இருக்கின்றனவா? காலட்ராவாவில் கைவேலை தெரியும். சீக்கோவில் இயந்திரம் அடித்து எடுத்த தகடு அப்படியே இருக்கும்.
4. தடிமன். 6119இன் மெஷின் 2.55 மில்லிமீட்டர்தான். அதற்குள் சக்தியைச் சேமிக்கும் வில்சுருள் பெட்டிகள் இரண்டை அடக்கியிருக்கிறார்கள். மெலிதாக்க மெலிதாக்கப் பாகங்களுக்கு நடுவே இடைவெளி சுருங்கும்; பொருத்துகிறவரின் கைத்திறனுக்கு வேலை கூடும். விலையும் கூடும்.

மலிவு மெஷினைத் தாழ்த்திப் பார்க்க வேண்டாம். 7எஸ்26இன் சுருளை ஏற்றும் ‘மேஜிக் லீவர்’ சீக்கோ 1959இல் கொண்டுவந்தது. கையசைவில் சுழலும் எடைத்தட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுருள் ஏறும். மிகக் குறைந்த பாகங்களில் அமைந்த உறுதியான ஏற்பாடு அது.

படி 6: நேரம் ஓடுவதைச் சோதியுங்கள்

1. சாவி கொடுக்கிறதை முழுதாகக் கொடுங்கள். ஆட்டோமேட்டிக்கை அரை நாள் கட்டியிருங்கள்.
2. கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை நொடியில் எழுதுங்கள். நொடி முள் நிற்காத வாட்ச்சில் சரியாக வைக்கப் போராட வேண்டாம். வித்தியாசம் தெரிந்தால் போதும்.
3. மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ளது ஒரு நாள் பிசகு.
4. ஒரு வாரம் தொடருங்கள்.

7எஸ்26க்குச் சீக்கோ சொல்லும் வரம்பு நாளுக்கு 20 நொடி பின்தங்கல் முதல் 40 நொடி முந்தல்வரை. படேக் ஃபிலிப் 2009இல் கொண்டுவந்த தன் தர முத்திரைக்கு வைத்த வரம்பு 3 நொடி பின்தங்கல் முதல் 2 நொடி முந்தல்வரை. நொடி பிசகாத நேரம் மட்டுமே வேண்டும் என்றால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஒரு குவார்ட்ஸ் வாட்ச் வாங்குங்கள். விலையிலும் துல்லியத்திலும் அதற்கு ஈடில்லை.

குறிப்பு: பிசகின் அளவைவிட அது நாள்தோறும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். தினமும் 12 நொடி முந்துகிற வாட்ச்சை ரிப்பேர்காரர் சரிசெய்துவிடுவார். ஒரு நாள் முந்தி மறுநாள் பின்தங்கும் வாட்ச்சில் வேறு கோளாறு இருக்கிறது.

படி 7: தண்ணீர், வியர்வை, காந்தம்

1. பின்மூடியையும் விவரச்சீட்டையும் பாருங்கள். இரண்டு வாட்ச்சுக்கும் 30 மீட்டர்தான். 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று இதற்குப் பொருளில்லை. மழைத்துளியும் கை கழுவும் தெறிப்பும் தாங்கும், அவ்வளவுதான். குளிக்கும்போதும் நீந்தும்போதும் கழற்றிவிடுங்கள்.
2. ஸ்ட்ராப்பைப் பாருங்கள். தோல் ஸ்ட்ராப் நம் வெயிலில் வியர்வை குடித்து நாறும், வெடிக்கும். பைலட் வாட்ச்சுக்குத் துணி ஸ்ட்ராப் பொருந்தும், துவைத்துக் காயவைக்கலாம். டிரெஸ் வாட்ச்சுக்குத் தோல்தான் அழகு. ஆகவே அதைக் கட்டும் நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கழற்றியதும் உறைக்குள் போடாமல் காற்றாட வையுங்கள்.
3. வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தினால், திசைகாட்டியின் அருகே கொண்டுபோங்கள். ஊசி துள்ளினால் காந்தம் ஏறியிருக்கலாம். ஒலிபெருக்கி, காந்தப் பூட்டு வைத்த கைப்பை, டேப்லெட் உறை ஆகியவை வழக்கமான காரணங்கள். கடையில் காந்தம் நீக்கும் கருவி இருக்கும். சில நொடி வேலை.

படி 8: இப்போது விலை

1. வாங்கும் விலையை எழுதுங்கள்.
2. பத்து ஆண்டுகளில் இரண்டு சர்வீஸ் என்று வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் கட்டணம் கேட்டுச் சேருங்கள்.
3. ஸ்ட்ராப், காப்பீடு, பாதுகாப்புப் பெட்டகக் கட்டணம் ஆகியவற்றைச் சேருங்கள்.
4. மொத்தத்தை, அந்தப் பத்து ஆண்டுகளில் வாட்ச்சைக் கட்டப்போகும் நாட்களால் வகுங்கள். ஒருமுறை கட்டுவதற்கு ஆகும் செலவு கிடைக்கும்.

மலிவு வாட்ச்சுக்கு முழு சர்வீஸ் செய்வதைவிட மெஷினையே மாற்றிவிடுவது சில சமயம் சிக்கனம். உயர்விலை வாட்ச்சுக்கு அந்த வழி இல்லை. உரிய பாகமும் உரிய கையும் வேண்டும். வாங்கப் பணம் இருக்கிறது, சர்வீஸுக்கு யோசிக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் அந்த வாட்ச்சை இப்போது வாங்காதீர்கள்.

குறிப்பு: இந்தியாவில் 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகார விற்பனையில் 1 சதவீத வரியைக் கடைக்காரர் உங்களிடம் வசூலிப்பார். வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டி ஈடுசெய்துகொள்ளலாம். 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கேட்கிற விற்பனையாளரிடமிருந்து விலகிவிடுங்கள். அவர் அவ்வளவு ரொக்கம் பெறுவது சட்டப்படி தடை.

பழையது வாங்குகிறவர்களுக்கு

ரேடியம்: இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். போர்க்காலப் பைலட் வாட்ச்களிலும், 1960கள்வரை வந்த வேறு பல வாட்ச்களிலும் ஒளிரும் பூச்சில் ரேடியம் இருந்தது. பூச்சு இன்று ஒளிராமல் போயிருக்கலாம், கதிர்வீச்சு போகவில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

1. அப்படிப்பட்ட வாட்ச்சின் பின்மூடியை வீட்டில் திறக்காதீர்கள். உதிர்ந்த தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் பெரிய ஆபத்து.
2. பூச்சைச் சுரண்டவோ துடைக்கவோ கூடாது.
3. படுக்கையறையிலும் குழந்தைகள் எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம்.
4. பழைய தோற்றம்தான் வேண்டும் என்றால் புதிதாகச் செய்ததையே வாங்குங்கள். அதில் கதிர்வீச்சு இல்லாத பூச்சு இருக்கும்.

எச்எம்டி பைலட்: சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி கடிகார ஆலையின் வழிவந்த, சாவி கொடுக்கிற கருப்பு டயல் வாட்ச் இது. சிக்கனமான நல்ல தேர்வு. ஆனால் இரண்டாம் கைச் சந்தையில் டயலுக்குப் புது மை பூசி, பல வாட்ச்களின் பாகங்களை ஒட்டுப்போட்டு விற்பவை ஏராளம். லென்ஸில் எழுத்துகள் தடித்தோ கோணலாகவோ தெரிந்தாலும், பழைய கேஸுக்குள் பளிச்சென்ற புது டயல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பழைய டிரெஸ் வாட்ச்: காதுகளின் விளிம்பைப் பாருங்கள். கூர்மை மழுங்கி உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். தேய்ந்த தங்கம் திரும்ப வராது. பில், பெட்டி, சான்றிதழ் எண் மூன்றும் பொருந்தாவிட்டால் வாங்க வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- இரண்டையும் ஒரே அளவுகோலில் மதிப்பிட்டு, டிரெஸ் வாட்ச் இருட்டில் தெரியவில்லை என்றும் பைலட் வாட்ச் தடிமன் என்றும் குறை சொல்வது.
- கண்ணாடிப் பின்மூடி மேல் விழுந்த ஆசையில் முன்பக்கத்தை மறப்பது. நீங்கள் தினமும் பார்ப்பது டயலை.
- ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னைக் கத்தி முனையால் நெம்புவது. வழுக்கினால் கேஸில் கீறல், விரலில் காயம். காதுகளில் டேப் ஒட்டி, தட்டில் துணி விரித்து, உரிய கருவியால் மட்டும் கழற்றுங்கள். பின் துள்ளும், முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள்.
- விலை ஏறும் என்று நம்பிக் கடன் வாங்கி வாட்ச் வாங்குவது.

முடிவெடுக்கும் விதி

- படி 1இல் குறி விழாத இடங்கள் பாதிக்கும் குறைவா? பைலட் வாட்ச்.
- உங்களுக்கு இது முதல் மெக்கானிக்கல் வாட்ச்சா? அப்போதும் பைலட் வாட்ச்தான். சாவி, தேதி, காந்தம், வியர்வை ஆகிய பாடங்களைப் பத்தாயிரம் ரூபாயில் கற்பது நல்லது.
- முழுக்கைச் சட்டையும் குளிரூட்டிய அறையுமே உங்கள் வாரமா? சர்வீஸ் செலவு உறுத்தவில்லையா? லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அந்தக் கைவேலை உங்களைப் பிடித்து நிறுத்தியதா? மூன்றுக்கும் ஆம் என்றால் டிரெஸ் வாட்ச்.
- மூன்றில் இரண்டுக்குத்தான் ஆம் என்றால் ஓராண்டு தள்ளிப்போட்டு, இதே படிகளைத் திரும்பச் செய்யுங்கள்.

எதை வாங்கினாலும் பில்லின் நகலையும் கேஸ் எண்ணின் படத்தையும் அன்றே பத்திரப்படுத்துங்கள். முதல் ஏழு நாள் படி 6இன் குறிப்பேட்டை எழுதி முடியுங்கள். கோளாறு தெரிந்தால் உத்தரவாத அட்டையோடு அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துப் போங்கள். எந்த நாளில் எத்தனை நொடி பிசகியது என்ற கணக்கைக் காட்டினால் கடைக்காரரால் தட்டிக்கழிக்க முடியாது.